ஆட்டின் இமையைப் புரட்டிப் பாருங்கள்

கால்நடை கேள்வி – பதில்

மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்க ஆரம்பித்தால் எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். ஆடு வெளிறிப்போச்சு, மாடு சோகை பிடித்துக் கிடக்கிறது, என்ன டானிக் கொடுக்கலாம்? இந்த முறை தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் கடலோர ஊர்களில் இருந்து வந்ததை மட்டும் எடுத்துக்கொண்டேன். டானிக்கைப் பற்றி இரண்டு வார்த்தை கடுமையாகச் சொல்வேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி (சாயல்குடி பக்கத்து வாசகர்): ஐயா, என்னிடம் 22 கொடி ஆடும் 15 செம்மறியும் இருக்கின்றன. கார்த்திகை கடைசியில் இருந்து மூன்று குட்டியும் ஒரு சினை ஆடும் செத்துவிட்டன. கழிச்சல் எதுவும் கிடையாது. தாடைக்கு அடியில் பை மாதிரி தண்ணீர் கோத்துக்கொள்கிறது, சாயங்காலம் பெரிதாகவும் காலையில் சின்னதாகவும் இருக்கிறது. பூச்சி மருந்தும் கொடுத்தேன், இரும்புச்சத்து டானிக்கும் கொடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

பதில்: கழிச்சல் இல்லை, தாடையில் நீர், கார்த்திகைக் கடைசி, அதாவது மழை விழுந்து ஒரு மாதம். மூன்றையும் நீங்களே எழுதிவிட்டீர்கள் அண்ணாச்சி, பாதி வேலை முடிந்தது. உங்கள் ஆடுகளின் ரத்தத்தைக் குடிப்பது ஹீமாங்கஸ் என்ற வயிற்றுப் புழுவாகத்தான் இருக்கும், புழுக்கையைச் சோதித்தால் உறுதியாகிவிடும். ஆட்டுக்கு வயிறு நான்கு அறை, நான்காவது அறையில்தான் இதன் குடியிருப்பு. நூல் கனம், ஒரு அங்குல நீளம். பெண் புழுவைப் பார்த்தால் சிவப்பு நூலும் வெள்ளை நூலும் சேர்த்து முறுக்கியது போல இருக்கும், சிவப்பாகத் தெரிவது அது குடித்த ரத்தம், வெள்ளை அதன் கருப்பை.

ஒரு புழு நாளைக்குக் குடிப்பது 0.05 மில்லி. இதெல்லாம் ஒரு அளவா என்று தோன்றும். ஆனால் மழைக்குப் பிறகு ஒரு குட்டியின் வயிற்றில் இரண்டாயிரம் புழு இருப்பது அதிசயம் இல்லை, அப்படியானால் நாளொன்றுக்கு 100 மில்லி. 15 கிலோக் குட்டியின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே ஒரு லிட்டர் சொச்சம்தான். எலும்பு மஜ்ஜை விடாமல் புது ரத்தத்தை ஊறவைத்துக்கொண்டே இருக்கும், ஆனால் தொட்டியின் அடியில் ஓட்டை பெரிதாக இருக்கும்போது குழாயைத் திறந்து என்ன பயன்? ரத்தத்தோடு புரதமும் போய்விடுவதால் ரத்தக்குழாய்க்குள் நீர் தங்காமல் கசிந்து, குனிந்து மேயும்போது தாடைக்கு இறங்குகிறது. அதனால்தான் சாயங்காலம் பெரிதாகவும், ராத்திரி தலை தூக்கிப் படுத்து எழுந்தால் சிறிதாகவும் தெரிகிறது.

இதை நான் புத்தகத்தில் படித்தபோது கற்றுக்கொள்ளவில்லை, ஒரு ஆட்டைக் கொன்ற பிறகுதான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மண்டபம் பக்கம் ஒரு பாட்டியின் வெள்ளாட்டுக்கு, வெளிறி இருக்கிறதே என்று மூன்று நாள் விடாமல் இரும்பு ஊசி போட்டேன், புழுக்கையைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான்காம் நாள் காலையில் "தம்பி, ஊசி போட்டும் போயிருச்சேப்பா" என்று அவர் வந்து நின்றார். ஒரு பனைமர நிழலில் அந்த ஆட்டை அறுத்துப் பார்த்தேன். ரத்தம் தண்ணீர் ஊற்றிய ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தது, கத்தியில் ஒட்டக்கூட இல்லை. நான்காவது வயிற்றைத் திறந்தால் உள்ளே சேமியாவைக் கொட்டியது போல நெளிகிறது. பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சரி, ஏன் கார்த்திகையில் வந்தது? ஒரு பெண் புழு நாளைக்கு 5,000 முதல் 10,000 முட்டை வரை இடும். கோடையில் நம் மணலில் விழுந்த முட்டையெல்லாம் காய்ந்தே செத்துவிடும். ஐப்பசியில் ஈரம் பட்டதும் ஒரு வாரத்துக்குள் அது தொற்றும் பருவத்துக்கு வந்து, பனித்துளியோடு புல்லில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஆடு தின்று மூன்று வாரத்தில் அது முட்டையிடும் புழு. நாளைக் கூட்டிப் பாருங்கள், சரியாகக் கார்த்திகைக் கடைசி வருகிறது. இந்தக் குஞ்சுப் புழுக்கள் பெரும்பாலும் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்துக்குள்ளேயே இருக்கும். உங்கள் கொடி ஆடு பின்னங்காலில் நின்று கருவையைக் கடிக்கிற ஜாதி, அதற்குத் தொற்றும் வாய்ப்பு கொஞ்சம் குறைவு. செம்மறி மண்ணோடு சேர்த்துக் கரண்டுகிற ஜாதி. ஆனால் மழைக்குப் பிறகு ஊருணிக் கரையெல்லாம் பச்சைப் பாய் விரித்தது போல இளம்புல் கிடக்கும்போது கொடி ஆடும் கருவையை மறந்துவிட்டுக் குனிந்துவிடும். காலையில் பனி காய்ந்த பிறகு ஓட்டிப் போவதும், ஒரே கரையில் வாரக்கணக்கில் விடாமல் மாற்றுவதும் செலவில்லாத மருந்து.

மருந்து ஏன் கேட்கவில்லை என்பதற்கு வருகிறேன். நீங்கள் கொடுத்தது கண்ணளவா, எடை போட்டா? 30 கிலோ ஆட்டை 20 கிலோ என்று நினைத்து ஊற்றினால் மெலிந்த புழு சாகும், வலுத்தது பிழைத்துக் குடும்பம் நடத்தும். வருடக்கணக்கில் ஒரே மருந்தை எல்லா ஆட்டுக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஊற்றிக்கொண்டே வந்தால் அந்த மருந்துக்குச் சாகாத புழு மட்டும்தான் மிஞ்சும். ஒரு மந்தையில் சில ஆடுகள்தான் பெரும்பாலான புழுவைச் சுமக்கின்றன. அந்தச் சிலதைக் கண்டுபிடித்து, அதற்கு மட்டும் எடைக்குச் சரியாக மருந்து கொடுப்பதுதான் இப்போதைய முறை.

கண்டுபிடிப்பது எப்படி என்றால், தென்னாப்பிரிக்காவில் இதற்காகவே ஐந்து நிறத்தில் ஒரு அட்டை செய்தார்கள், ஃபமாச்சா அட்டை என்று பெயர். அட்டை கிடைக்காவிட்டாலும் உங்கள் கண் போதும். வெளிச்சத்தில் ஆட்டை நிறுத்தி, ஒரு கட்டைவிரலால் மேல் இமையை மூடி இலேசாக உள்ளே அமுக்கிக்கொண்டே, இன்னொரு விரலால் கீழ் இமையை இறக்குங்கள். உள்சதை எட்டிப் பார்க்கும். கோவைப்பழச் சிவப்பாக இருந்தால் கவலை இல்லை. ரோஸ் நிறமாக இறங்கினால் சந்தேகம். நுங்குச் சுளை மாதிரி வெளுத்திருந்தால் அன்றைக்கே மருந்து. இரண்டு கண்ணையும் பாருங்கள், தூசி விழுந்து உறுத்திய கண் பொய்யாகச் சிவப்பு காட்டும். டார்ச் அடித்துப் பார்க்க வேண்டாம், நிறம் மாறித் தெரியும். மழைக்காலம் தொடங்கி தை வரைக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தால் 37 உருப்படிக்கு அரை மணி நேரம் ஆகும்.

எந்த மருந்து என்பதை உங்கள் மருந்தக டாக்டர் புழுக்கையைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். இரண்டு எச்சரிக்கை மட்டும். சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கூடாது. ரத்தம் குடிக்கும் புழுவுக்கென்றே உள்ள குளோசன்டல் நல்ல மருந்துதான், ஆனால் அளவு கூடினால் ஆட்டுக்குக் கண் போய்விடும், அது திரும்பி வராது. அப்புறம், நுங்கு நிறத்துக்கு வந்துவிட்ட ஆட்டைத் துரத்திப் பிடிக்காதீர்கள், மேய்ச்சலுக்கும் ஓட்டாதீர்கள். இருக்கிற கொஞ்ச ரத்தத்தில் நிற்கிற ஆடு, விரட்டினால் மூச்சு வாங்கி அங்கேயே விழுந்துவிடும். பட்டியிலேயே கட்டி, அகத்தியும் புண்ணாக்கும் கொண்டுபோய் வாய்க்குப் பக்கத்தில் வையுங்கள்.

கேள்வி (உச்சிப்புளி வாசகி): ஆட்டுக்கு ரத்தம் ஊற கருப்பட்டியும் முருங்கைக்கீரையும் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கொடுங்கள் அம்மா, கெடுதல் இல்லை, ஆனால் வரிசை முக்கியம். ரத்தம் குறைய மூன்று வழிதான் உண்டு. வெளியே போகிறது, உள்ளேயே உடைகிறது, அல்லது உற்பத்தி ஆகவில்லை. மண்ணும் தழையுமாகத் தின்று வளர்ந்த ஆடு மாட்டுக்கு மூன்றாவது காரணமாக இரும்புச்சத்துக் குறைவு வருவது அபூர்வம். பாலை மட்டும் குடித்து சிமெண்ட் தரையில் வளரும் பன்றிக்குட்டிக்கு அது உண்மையாகவே வரும், அதனால்தான் பிறந்த முதல் சில நாளில் அவற்றுக்கு இரும்பு ஊசி போடுகிறார்கள். நம் ஆட்டுக்கு முதலில் புழுவும் உண்ணியும் தெள்ளும் போகவேண்டும். தெள்ளுப்பூச்சியை இலேசாக நினைக்காதீர்கள், பால்குடிக் குட்டியின் வயிற்றுப் பக்கம் மயிரை விலக்கினால் மிளகு தூவியது போல ஓடும், நிறைய ஏறினால் குட்டியே செத்துப்போகும். இதெல்லாம் நின்ற பிறகு முருங்கைக்கீரை கொடுத்தால் வேலை செய்யும், அதில் புரதமும் இருக்கிறது. கருப்பட்டியைக் காபிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (தேவிபட்டினம் வாசகர்): டாக்டர் சார், எங்கள் கலப்பின ஜெர்சி மாடு நாலாவது ஈத்து. கன்று போட்டு 18 நாள் ஆகிறது. நேற்றிலிருந்து மூத்திரம் கட்டங்காப்பி நிறத்தில் போகிறது. கண் வெளுத்துவிட்டது, காய்ச்சல் இல்லை. உஷ்ணம் என்று சொல்லி இளநீர் கொடுக்கச் சொன்னார்கள்.

பதில்: இதைப் படித்ததுமே உங்களுக்குத் தகவல் அனுப்பச் சொல்லிவிட்டேன், இதழ் வெளிவரும் வரை காத்திருக்கிற சமாச்சாரம் இல்லை இது. மற்றவர்களுக்காக எழுதுகிறேன். காப்பி நிற மூத்திரம் என்றால் சிவப்பணுக்கள் உடலுக்குள்ளேயே உடைந்து அந்தச் சாயம் சிறுநீரகம் வழியாக இறங்குகிறது என்று அர்த்தம். உஷ்ணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

ஏன் உடைகிறது என்பதற்கு இங்கே முக்கியமாக இரண்டு காரணம் பார்க்க வேண்டும். ஒன்று, உண்ணி பரப்பும் பபீசியா என்ற நுண்கிருமி, இது சிவப்பணுவுக்குள்ளேயே புகுந்து உடைக்கும், 104, 105 டிகிரி என்று காய்ச்சல் அடிக்கும். இன்னொன்று பாஸ்பரஸ் குறைவு. நிறையப் பால் கொடுக்கும் மாடு, மூன்றாவது ஈத்துக்கு மேல், கன்று போட்டு இரண்டு முதல் நாலு வாரம், தீவனம் பெரும்பாலும் வைக்கோல், காய்ச்சல் கிடையாது. வைக்கோலில் பாஸ்பரஸ் ரொம்பக் குறைவு, பாலிலோ நிறையவே வெளியே போகிறது, அது இல்லாமல் சிவப்பணுவின் தோல் பலவீனமாகி உடைகிறது. உங்கள் மாடு இரண்டாவதில் பொருந்துகிறது, இருந்தாலும் காது ஓர ரத்தம் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் தடவிப் பார்க்காமல் யாரும் முடிவு கட்டக்கூடாது. இரண்டுக்கும் மருந்து முற்றிலும் வேறு. பாஸ்பரஸை நரம்பில் ஏற்றினால் ஓரிரு நாளில் மூத்திரம் தெளிவதைக் கண்ணால் பார்க்கலாம். அப்புறம் தவிடும் தாது உப்புக் கலவையும் தினமும் சேருங்கள்.

உண்ணியால் வருவது இன்னும் இரண்டு உண்டு. தைலேரியாவில் காய்ச்சலோடு காதுக்குக் கீழே, தோளுக்கு முன்னால் நெறிகட்டும், மூத்திரம் பெரும்பாலும் சிவக்காது. அனாப்ளாஸ்மாவில் மூத்திரம் சிவக்காமல், கண்ணும் ஈறும் வெளுத்து மஞ்சள் பூசும், சாணி இறுகும். நாட்டு மாடு இதையெல்லாம் ஓரளவு தாங்கும், ஜெர்சி தாங்காது. உண்ணியைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதித்துவிட்டு வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள், ரத்தம் குடித்து ஆமணக்கு விதை கணக்காக ஊதிய ஒரு பெண் உண்ணி கீழே விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். கொட்டகைச் சுவர் வெடிப்பையும், மூலையில் குவித்த பழைய வைக்கோலையும் விட்டுவிட்டு மாட்டுக்கு மட்டும் மருந்து அடித்தால் அடுத்த மாதம் திரும்ப வந்து நிற்கும்.

ரத்தம் மிகவும் இறங்கிவிட்டால் மாட்டுக்கும் ரத்தம் ஏற்றலாம், பலருக்கு இது தெரியாது. பக்கத்து வீட்டு ஆரோக்கியமான காளையிடமிருந்தே நாலைந்து லிட்டர் எடுத்து ஏற்றலாம், முதல் தடவை ஏற்றும்போது ஒவ்வாமை வருவது குறைவு. படுத்துவிட்ட மாட்டை வண்டியில் ஏற்றி அலைக்கழிக்க வேண்டாம், 1962 எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வீட்டுக்கே வரும்.

கேள்வி (கீழக்கரை வாசகர்): பக்ரீதுக்கு என்று நான்கு செம்மறிக் கிடா வளர்க்கிறோம். நன்றாகத் தேற வேண்டும் என்று மாட்டுத் தீவனமும் மாட்டுக்கு வாங்கிய தாது உப்பும் ஆறு மாதமாகக் கொடுத்தோம். திடீரென்று ஒன்று மஞ்சள் பூத்து, மூத்திரம் கறுத்து, இரண்டே நாளில் இறந்துவிட்டது. யாராவது கண் வைத்திருப்பார்களோ என்று வீட்டில் பேச்சு.

பதில்: கண் இல்லை, தாமிரம். செம்மறியின் உடம்பு தாமிரத்தை வெளியே தள்ளத் தெரியாத உடம்பு. மாட்டுக்குத் தேவையான அளவு தாமிரம் செம்மறிக்கு அதிகம், அது மாதக்கணக்கில் கல்லீரலில் சேர்ந்துகொண்டே இருக்கும், வெளியே எதுவும் தெரியாது, கிடா கொழுகொழு என்றுதான் இருக்கும். ஒரு நாள் வண்டியில் ஏற்றினாலோ தீவனம் மாறினாலோ ஏதோ ஒரு அதிர்ச்சியில் கல்லீரல் மொத்தத்தையும் ரத்தத்தில் கொட்டிவிடும், சிவப்பணு உடைந்து கொட்டும். மிச்சம் மூன்றுக்கும் இன்றே அந்தத் தீவனத்தை நிறுத்துங்கள். செம்மறிக்கு என்று தனியாகத் தாது உப்பு இருக்கிறது, மூட்டையில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். மூன்றையும் டாக்டரிடம் காட்டுங்கள், உடைவதற்கு முன்னால் என்றால் தாமிரத்தை இறக்க வழி உண்டு.

கேள்வி (தொண்டி – ஆர்.எஸ்.மங்கலம் சாலையில் இருந்து ஒருவர்): கம்மாய்க்குள் தண்ணீர் வற்ற வற்ற மாட்டை உள்ளே இறக்கி மேய்க்கிறோம். மாடுகள் இளைத்து வெளுத்துப் போகின்றன.

பதில்: தட்டைப்புழு, கல்லீரலில் இருக்கும், இலை மாதிரி இருக்கும். கம்மாய்த் தண்ணீரில் உள்ள சின்ன நத்தைக்குள் வளர்ந்து, வெளியே வந்து, நீரோரப் புல்லில் கூடு கட்டி உட்கார்ந்திருக்கும். நீர் வற்றி அந்தப் புல் வெளியே தெரியும்போதுதான் மாடு தின்கிறது. சாணத்தைச் சோதித்து மருந்து கேளுங்கள், சாதாரணப் பூச்சி மருந்தில் சிலது வளர்ந்த தட்டைப்புழுவை மட்டும் கொல்லும், குஞ்சை விட்டுவிடும். நீரோரப் புல்லை அறுத்து நன்றாகக் காயவைத்துப் போட்டால் ஆபத்து பெருமளவு குறையும்.

கேள்வி (பாம்பன் வாசகர்): எங்கள் நாய்க்கு மூக்கில் ரத்தம் வடிகிறது, ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருக்கிறது. உண்ணி நிறைய. வெங்காயம் போட்ட பிரியாணி மிச்சம் அடிக்கடி சாப்பிடும், அதனாலா?

பதில்: மூக்கில் ரத்தமும் உண்ணியும் சேர்ந்தால் முதலில் எர்லிச்சியா என்ற உண்ணிக் காய்ச்சலைத்தான் நினைக்க வேண்டும். எலி விஷம் தின்றாலும் இப்படி ரத்தம் வடியும், சுற்றுவட்டாரத்தில் யாராவது வைத்தார்களா என்று விசாரித்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள். உண்ணிக் காய்ச்சல்தான் என்றால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையை நான்கு வாரம் கொடுப்பார்கள், ஐந்தாம் நாள் நாய் வாலை ஆட்டுகிறதே என்று நிறுத்திவிடாதீர்கள்.

வெங்காயச் சந்தேகமும் தப்பில்லை. நாய்க்கு வெங்காயம், பூண்டு இரண்டும் சிவப்பணுவை உடைக்கும், வேகவைத்தாலும் குணம் போகாது. 10 கிலோ நாய்க்கு 150 கிராம் உள்ளே போனாலே ஆபத்து, தின்ற அன்று ஒன்றும் தெரியாமல் சில நாள் கழித்துத்தான் வெளுக்கும். சந்தையில் கழித்த வெங்காயத்தைக் கூடை கூடையாக மாட்டுக்குப் போடுகிறவர்களும் கவனியுங்கள், மாட்டுக்கும் இதே கதைதான். ஆடு கொஞ்சம் தாங்கும்.

உங்கள் தெருவில் குட்டி போட்ட நாய் இருந்தால் அதையும் சொல்லிவிடுகிறேன். நம் கடற்கரை ஈர மணல் கொக்கிப்புழுவுக்குத் தோதான இடம். தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குப் போய்விடும், கறுத்த கழிச்சலோடு குட்டிகள் மூன்று நான்கு வாரத்திலேயே சாவது பெரும்பாலும் இதனால்தான். இரண்டாவது வாரத்திலேயே பூச்சி மருந்தை ஆரம்பிக்க வேண்டும். அதே புழு, வெறுங்காலோடு வலை உலர்த்துகிறவர்களின் பாதத்தோலுக்குள் புகுந்து கோடு கோடாக ஊர்ந்து அரிப்பெடுக்கும்.

கேள்வி (பெரியபட்டினம் வாசகி): பூனைக்கு உடம்பு சுட்டது என்று எங்கள் உம்மா அரை பாரசிட்டமால் மாத்திரை கொடுத்துவிட்டார்கள். ஒன்றும் ஆகாதே?

பதில்: ஆகும். பூனைக்கு அந்த மாத்திரை விஷம், அரை மாத்திரையே உயிரை எடுக்கும். அதன் ஈரல் இந்த மருந்தைச் செரிக்காது, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் ஈறு சாக்லேட் நிறமாக மாறும், பிறகு சிவப்பணு உடையும். மாற்று மருந்து உண்டு, மணிக்கணக்கு முக்கியம். கேள்வி எழுதாமல் பூனையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும் மகளே. உம்மாவைத் திட்ட வேண்டாம், குழந்தைக்குக் கொடுக்கிற மாத்திரைதானே என்றுதான் நினைத்திருப்பார்கள்.

கேள்வி (வாலிநோக்கம் வாசகி): அடைக்கோழி முட்டையை விட்டு எழுந்து ஓடுகிறது. கொண்டை வெளுத்துவிட்டது. பகலில் சிறகை விலக்கிப் பார்த்தால் ஒன்றும் இல்லை.

பதில்: பகலில் இருக்காது. செள்ளில் ஒரு வகை ராத்திரி மட்டும் ஏறி ரத்தம் குடித்துவிட்டு, விடிவதற்குள் கூட்டு மூங்கில் இடுக்கிலும் பஞ்சாரத்தின் முடிச்சிலும் போய் ஒளிந்துகொள்ளும். அடைக்கோழி எழுந்து போக முடியாமல் உட்கார்ந்தே இருப்பதால் அதற்குத்தான் முதல் கடி, ஒரு கட்டத்தில் தாங்காமல் முட்டையை விட்டு ஓடுகிறது. கோழிக்கு மருந்து போட்டு மட்டும் பயனில்லை. பழைய அடைமண்ணையும் வைக்கோலையும் கூட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொளுத்துங்கள், கூட்டின் இடுக்கெல்லாம் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி இரண்டு நாள் வெயிலில் போடுங்கள், ஒரு வாரம் கழித்துத் திரும்பச் செய்யுங்கள், ஏனென்றால் மிச்சம் இருந்த முட்டை அதற்குள் பொரித்திருக்கும். சந்தேகம் இருந்தால் இன்று ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து, கோழி உட்காரும் கம்பின் அடிப்பக்கத்தை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் குங்குமம் இழுகினது போல வந்தால் அது உங்கள் கோழியின் ரத்தம்தான்.